கிலிமஞ்சாரோ போறவங்க முதல்ல நாள் கணக்கைப் பாருங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை இணைப்புல வந்த கிலிமஞ்சாரோ கட்டுரையைப் படிச்சேன். நம்ம ஊர் பசங்க பொண்ணுங்க ஆப்பிரிக்கா வரைக்கும் போய் மலை ஏறுறாங்கன்னு நீங்க எழுதினது ரொம்ப சந்தோஷம். ஆனா அதுல "அஞ்சே நாள்ல ஏறி இறங்கிடலாம், வெள்ளியங்கிரி ஏறி பழகியிருந்தா போதும்"னு ஒரு வரி வந்திருக்கு, அதைப் பார்த்ததும் மனசு பதறிடுச்சு. நான் அந்த மலைக்குப் போய்ட்டு வந்தவன், இப்போ கிளம்பணும்னு கேக்குறவங்களுக்கு ப்ளான் போட்டும் குடுக்குறேன், அதனால இதை சொல்லாம இருக்க முடியல.

கிலிமஞ்சாரோ 5895 மீட்டர். கயிறு கட்டி தொங்குற வேலையெல்லாம் வழக்கமான ரூட்ல கிடையாது, நடந்தே போயிடலாம், அதனாலதான் எல்லாரும் ஈஸின்னு நெனைக்கிறாங்க. கஷ்டம் காலுக்கு இல்ல, மூச்சுக்கு. உச்சியில காத்தழுத்தம் கடல் மட்டத்துல இருக்குறதுல பாதிதான், அப்போ ஒவ்வொரு மூச்சுலயும் கிடைக்கிற ஆக்ஸிஜனும் பாதிதான். உடம்பு அதுக்கு பழகணும்னா நாள் வேணும், ஜிம் போயிருந்தாலும் மாரத்தான் ஓடியிருந்தாலும் அந்த நாளை குறைக்க முடியாது. 3000 மீட்டர் தாண்டினா தினமும் தூங்குற உயரத்தை 500 மீட்டருக்கு மேல ஏத்தாதீங்க, மூணு நாலு நாளைக்கு ஒரு நாள் கூடுதலா இருங்கன்னு டாக்டருங்க சொல்றாங்க. இப்போ அந்த அஞ்சு நாள் மராங்கு ரூட்டை எடுத்துக்கங்க. முதல் ராத்திரி மண்டாரா குடில் 2720 மீட்டர், ரெண்டாவது ராத்திரி ஹொரொம்போ 3720, மூணாவது கிபோ 4720, அன்னைக்கு நடுராத்திரியே உச்சிக்கு கிளம்பணும். ஒவ்வொரு நாளும் ஆயிரம் ஆயிரமா ஏறுது பாருங்க! தென்னிந்தியாவுலயே உயரமான ஆனைமுடி 2695 மீட்டர்தான், அப்போ முதல் ராத்திரி தூங்குற இடமே அதைவிட உயரம். வெள்ளியங்கிரி ஏறுங்க, கண்டிப்பா ஏறுங்க, காலுக்கு அதைவிட நல்ல பயிற்சி கிடையாது, ஆனா உயரத்துக்கு உடம்பைப் பழக்க நம்ம பக்கத்துல மலையே இல்ல.

சரி, அப்போ ஏன் அஞ்சு நாள் பேக்கேஜ் விக்கிறாங்க? விலைதான் காரணம். இதை கொஞ்சம் விளக்கமா சொல்றேன், ஏன்னா யாரும் இந்த கணக்கை போட்டு காட்டுறதில்ல. தான்சானியா பார்க் நிர்வாகத்துக்கு ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 70 டாலர் கட்டணும், டென்ட் போட்டா ராத்திரிக்கு 50 டாலர், மீட்பு கட்டணம்னு மொத்த பயணத்துக்கும் சேத்து 20 டாலர், இதுக்கு மேல 18 சதவீதம் வாட். டென்ட்ல தங்கிப் போற மச்சாமே ரூட்ல ஏழு நாள்னா இதுவே 900 டாலர் தாண்டிடும். இதுல எந்த கம்பெனியும் ஒரு பைசா குறைக்க முடியாது, அரசாங்கத்துக்குப் போற காசு. அப்போ ஒருத்தர் மத்தவங்களைவிட ரொம்ப கம்மியா ரேட் சொன்னா எதுல கைவைக்கிறாருன்னு யோசிங்க, ஒண்ணு நாள்ல, இல்லேன்னா சுமை தூக்குற ஆளுங்க சம்பளத்துலயும் சாப்பாட்டுலயும். வேற வழியே கிடையாது.

ஒரு ஆளு ஏற மூணு நாலு போர்ட்டர் தேவைப்படும், டென்ட், கேஸ், அரிசி, தண்ணி எல்லாம் அவங்க முதுகுலயும் தலையிலயும்தான் போகுது. 20 கிலோவுக்கு மேல தூக்க வைக்கக் கூடாதுன்னு விதி இருக்கு, மச்சாமே கேட்ல தராசுல மாட்டி எடை போடுறாங்க. அங்க ஒரு பையனோட மூட்டை எடை கூடிப்போச்சு, பிரிச்சுப் பார்த்தா நம்ம ஊர் ஆளு ஒருத்தர் பைக்குள்ள முறுக்கு டப்பா, ரெண்டாவது ஜீன்ஸ், ஹேர் ட்ரையர் எல்லாம். மலை மேல கரன்ட்டே இல்லைங்க. அந்த பையன் காலுல சோல் பிஞ்ச கேன்வாஸ் ஷூ, அதோடதான் அவன் 4600 மீட்டர் வரைக்கும் வந்தான். இந்த மாதிரி விஷயத்தை கவனிக்கவே மோஷி ஊர்ல கிலிமஞ்சாரோ போர்ட்டர்ஸ் அசிஸ்டன்ஸ் ப்ராஜெக்ட்னு ஒரு அமைப்பு இருக்கு, ஒழுங்கா சம்பளம், மூணு வேளை சாப்பாடு, தூங்க சரியான டென்ட் குடுக்குற கம்பெனிங்க லிஸ்ட் வச்சிருக்காங்க. புக் பண்றதுக்கு முன்னாடி உங்க கம்பெனி அதுல இருக்கான்னு பாருங்க, டிப்ஸ் குடுக்கும்போது மொத்தமா ஒருத்தர் கையில குடுக்காம எல்லாரும் நிக்கும்போது ஆளாளுக்கு எவ்வளவுன்னு சத்தமா சொல்லி குடுங்க.

கைடு இல்லாம ஏறவே விட மாட்டாங்க, ஆனா எந்த கைடுங்கிறதுதான் கேள்வி. உச்சிக்குப் போற ராத்திரி எத்தனை பேருக்கு ஒரு கைடு, ஆக்ஸிஜன் சிலிண்டர் கூட வருமா, காலையிலயும் சாயங்காலமும் விரல்ல மாட்டி ஆக்ஸிஜன் அளவு பாப்பாங்களா, "இறங்கு"ன்னு சொன்னா அதுதான் கடைசி வார்த்தையா, இதையெல்லாம் காசு கட்டுறதுக்கு முன்னாடியே கேளுங்க. உச்சிக்குக் கிளம்புறதுக்கு முன்னாடி கடைசியா தங்குற பராஃபு கேம்ப்ல எங்க பக்கத்து டென்ட்ல இருந்த ஒரு இளவயசுப் பையன் தலைவலி, வாந்தின்னு சொன்னான், அவங்க கைடு ஹெட்லைட் வெளிச்சத்துல ஒரு காலோட குதிக்காலை இன்னொரு காலோட பெருவிரல்ல ஒட்டி ஒட்டி நேரா நடக்கச் சொன்னார். நாலாவது அடியிலயே சாஞ்சுட்டான். மூளையில நீர் கோக்குறதுக்கு அது அடையாளம். அந்த கைடு ஒரு நிமிஷம் கூட யோசிக்கல, ரெண்டு ஆளை சேத்து உடனே கீழ அனுப்பிட்டார். காசு கட்டியாச்சேன்னு அந்த பையன் அழுதான், ஆனா அவன் உயிரோட வீடு போய் சேர்ந்ததுக்கு அந்த கைடுதான் காரணம். டயமாக்ஸ் மாத்திரை போட்டா எல்லாம் சரியாயிடும்னு சிலர் சொல்றாங்க, அது உடம்பு பழகுறதுக்கு உதவும் அவ்வளவுதான், சல்ஃபா அலர்ஜி இருக்கவங்க டாக்டரைக் கேக்காம தொடவே கூடாது.

என்னைக் கேட்டா மச்சாமே ஏழு நாள், முடிஞ்சா லெமோஷோ எட்டு நாள். இந்த ரூட்ல பகல்ல 4600 மீட்டர்ல இருக்குற லாவா டவர் வரைக்கும் ஏத்திட்டு ராத்திரி 4000க்கு கீழ பராங்கோ கேம்ப்ல தூங்க வைப்பாங்க, உடம்பு பழகுறதுக்கு அதுதான் முக்கியம். ஜனவரி, பிப்ரவரி, இல்லேன்னா ஜூன்ல இருந்து அக்டோபர் வரைக்கும் போங்க, ஏப்ரல் மே மழையில போகாதீங்க. இன்ஷூரன்ஸ்ல 6000 மீட்டர் வரைக்கும் ஹெலிகாப்டர் மீட்பு உண்டான்னு எழுத்துல வாங்கிக்கங்க, சாதாரண டிராவல் பாலிசி பலதுல அந்த உயரம் வராது. நைரோபி, அடிஸ் அபாபா வழியா ஃப்ளைட்னா மஞ்சள் காய்ச்சல் ஊசி கார்டு கேக்கலாம், சென்னைக்காரங்களுக்கு கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்ல போடுறாங்க, போட்டு 10 நாள் கழிச்சுதான் அது செல்லும், கடைசி நேரத்துல ஓடாதீங்க.

ஆசிரியர் கிட்ட ஒரு வேண்டுகோள். அடுத்த தடவை இந்த மாதிரி கட்டுரை போடும்போது ஒவ்வொரு ராத்திரியும் எந்த உயரத்துல தூக்கம்னு ஒரு சின்ன கட்டம் போட்டு பக்கத்துலயே அச்சடிங்க, அஞ்சு நாள் ரூட்டுக்கும் ஏழு நாள் ரூட்டுக்கும் தனித்தனியா. உங்க பேப்பரைப் படிச்சுட்டு காசு சேக்குற பசங்க அதைப் பார்த்து முடிவு பண்ணட்டும்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர் ஒருவர்,
கோவை