தங்காவைத் திரைச்சீலை என்று எழுதாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன வார ஞாயிறு இணைப்பில் வந்த நேபாளப் பயணக் கட்டுரையைப் படித்தேன். ஊர்களைப் பற்றி நன்றாகவே எழுதியிருக்கிறார். ஆனால் துணியில் வரைந்து சுருட்டி வைக்கும் திபெத்திய பௌத்தச் சாமி படமான தங்காவுக்கு மட்டும் ஒரே வரி: ஹாலில் மாட்ட அழகான திரைச்சீலை, பாதி விலைக்குக் கேட்டாலும் கொடுத்துவிடுவார்கள் என்று. அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம்.

நான் பள்ளியில் டிராயிங் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவன். நேபாளத்தில் பக்தபூர் போனபோது ஒரு பட்டறையில் மத்தியானம் முழுக்க உட்கார்ந்திருந்தேன். இருபது வயது இருக்கும் ஒரு தம்பி, பௌத்தப் பெண் தெய்வமான பச்சைத் தாராவின் தோளுக்குப் பின்னால் ஒரு மேகத்தைப் போட்டுக்கொண்டிருந்தார். தூரிகை நுனியைக் கீழுதட்டில் தொட்டு ஈரப்படுத்துவார், ஊசி முனை அளவு நீலம் வைப்பார், மறுபடி உதடு, மறுபடி நீலம். நான் எழுந்து வரும்வரை அந்த ஒரு மேகம் முடியவில்லை. முழுப் படத்துக்கும் எவ்வளவு நாள் என்று கேட்டேன், மூன்று மாதம் என்றார்.

துணியைத் தயார் செய்வதே பெரிய வேலை. பருத்தித் துணியை மரச்சட்டத்தில் நூலால் இழுத்துக் கட்டி, வெள்ளை மண்ணைத் தோல் பசையில் குழைத்துப் பூசி, காய்ந்ததும் வழவழப்பான கல்லால் தேய்த்துத் தேய்த்து எடுக்கிறார்கள். நம் தஞ்சாவூர்ப் படத்துக்குச் சாக் பவுடரும் கோந்தும் பூசுகிறோமே, கிட்டத்தட்ட அதேதான். ஆனால் நம்முடையது பலகையில் ஒட்டியது, இதைச் சுருட்டிக் கையோடு எடுத்துப் போக வேண்டும், பூச்சு கொஞ்சம் தடித்தாலும் வெடித்துவிடும். அப்புறம் கோடு போட்டு அளவு எடுப்பது. நம் சிற்பிகளுக்கு, முக அளவை வைத்து உடம்பை அளக்கும் தாலக் கணக்கு இருப்பது போல ஒவ்வொரு புத்தருக்கும் தாராவுக்கும் அளவு உண்டு, இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. பழைய முறையில் நீலமும் பச்சையும் கல்லை அரைத்து எடுப்பது, சிவப்புக்குச் சாதிலிங்கம், மஞ்சளுக்கு அரிதாரம் என்ற கனிமங்கள், மேலே பொன் கோடு. (பொன் இருப்பதால்தான் தங்கா என்று பெயர் என நம்மவர்கள் நினைக்கிறார்கள், அது திபெத்தியச் சொல், நம் தங்கத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.) கண்ணைக் கடைசியில்தான் திறப்பார்கள். படத்தின் பின்பக்கம், நெற்றி, தொண்டை, நெஞ்சு வரும் இடங்களுக்கு நேராக ஓம், ஆ, ஹூம் என்று எழுதிவைப்பதும் வழக்கம். முன்னால் உட்கார்ந்து தியானம் செய்வதற்கான படம் அது. லடாக்கின் ஹெமிஸ் மடத்தில் ஒரு பெரிய தங்காவை 12 ஆண்டுக்கு ஒருமுறைதான் விரிக்கிறார்கள். 1929 முதல் 1938 வரை நான்கு முறை திபெத் போய்வந்த பௌத்த அறிஞரும் இந்தி எழுத்தாளருமான ராகுல் சாங்கிருத்யாயன், சுவடிகளோடு தங்காக்களையும் சுமந்து வந்து பாட்னா அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். திரைச்சீலைக்காக யாராவது அந்த இமயமலைக் கணவாய்களைத் தாண்டுவார்களா?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அதே பயணத்தில், வேறொரு கடையில், கையால் வரைந்தது என்று சொன்னதை நம்பி 8,000 ரூபாய் கொடுத்து ஒன்று வாங்கினேன். வீட்டுக்கு வந்து லென்ஸ் வைத்துப் பார்த்தால் முகம் முழுக்க அச்சுப் புள்ளி, மேலே நாலு இடத்தில் பொன் பெயிண்ட் இழுத்திருந்தார்கள். அச்சுப் படத்தை நான் குறை சொல்லவில்லை, அதை வைத்துக் கும்பிடுகிற வீடுகளும் உண்டு. அச்சை வரைந்தது என்று விற்பதுதான் வயிற்றெரிச்சல். பாதி விலைக்குக் கேளுங்கள் என்று நாம் எழுத எழுத, மூன்று மாதம் வேலை செய்கிற தம்பி அந்த அச்சோடு போட்டி போட முடியாமல் வேறு வேலைக்குப் போய்விடுவார். வாங்குகிறவர்கள் ஒரு சின்ன லென்ஸ் எடுத்துப் போங்கள், பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள், அதே படம் அச்சு அசலாக இன்னொன்று கடையில் தொங்குகிறதா என்றும் பாருங்கள்.

நேபாளம்வரை போக முடியாதவர்களுக்குக் கர்நாடகத்தில் பைலகுப்பே இருக்கிறது. 1961இல் திபெத்திய அகதிகள் குடியேறிய ஊர். குடகு போகிற நம் குடும்பங்கள் பலவும் அங்கே வண்டியை நிறுத்தி, தங்கக் கோயிலில் செல்ஃபி எடுத்துக்கொண்டு அரை மணியில் கிளம்பிவிடுகின்றன. உங்கள் நிருபர் ஒருவரை அங்கே அனுப்பி, தங்காவைப் பற்றி அரைப் பக்கமாவது எழுதச் சொல்லுங்கள். அதற்கு முன்னால், வரும் ஞாயிறு இணைப்பில் அந்தத் திரைச்சீலை வரிக்கு ஒரு திருத்தம் போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஓவிய ஆசிரியர்,
கும்பகோணம்