எழுதி வை, ஏழு நாளுக்கு ஒருமுறை பார்

டிக்கோயா

அன்பு மகளுக்கு,

நாங்கள் இங்கே சுகம். அம்மாவுக்குப் பிரஷர் மாத்திரையை மாற்றித் தந்திருக்கிறார்கள், இப்போது தலைசுற்று இல்லை. மழைதான் விட்டபாடில்லை.

போன ஞாயிறு நீ போனில் பேசியதிலிருந்து எனக்கு அதே யோசனை. படிப்புக்கு எழுதிக் கொடுக்க வேண்டிய ஒப்படையின் கடைசித் திகதியை மறந்துவிட்டாய், ஆபீஸில் மேடம் கேட்ட ஃபைலையும் அனுப்பவில்லை, எனக்கு மூளையே இல்லையப்பா என்று அழுதாய். பகல் முழுக்கக் கணக்கு வேலை, இரவில் வெளிவாரிப் பட்டப் படிப்பு, நடுவில் வெள்ளவத்தை பஸ் நெரிசல். இதில் யாருக்குத்தான் மறக்காது? உன் மூளைக்கு ஒரு குறையும் இல்லை. அத்தனையையும் மனதிலேயே போட்டுச் சுமக்கிறாய், சிக்கல் அங்கேதான். போனில் சொன்னால் "சரிப்பா, சரிப்பா" என்று முடித்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன், நிதானமாக வாசி.

நான் தோட்டத்தில் செக்ரோல், அதாவது ஆள்வரவும் சம்பளமும் பதிகிற புத்தகம், எழுதிய காலம் உனக்குத் தெரியும். காலையில் ஆள் கணக்கெடுக்கிற பிரட்டுக்களத்துக்கு யார் வந்தார்கள், எந்த மலைக்குப் போனார்கள், மூன்று நிறுவையிலும் யாருக்கு எத்தனை கிலோ, யாருக்கு முழுப்பேர் (முழுநாள் சம்பளம்), யாருக்கு அரைப்பேர், எல்லாம் அன்றன்றைக்கே புத்தகத்தில் ஏற வேண்டும். ஒரு பெயர் விட்டுப்போனால் ஒரு வீட்டின் ஒரு நாள் சம்பளம் போச்சு. எவ்வளவு ஞாபகசக்தி உள்ள கங்காணியும் நிறுவைத் துண்டைப் பார்க்காமல் கிலோக் கணக்குச் சொல்லமாட்டார். பிறகு ஆபீஸுக்குக் கம்பியூட்டர் வந்தது. எக்செல்லில் ஒருதடவை சூத்திரம் போட்டுவிட்டால் நூற்றுக்கணக்கான பேருக்குப் பெருக்கலும் கழிவும் கூட்டலும் நொடியில் முடியும். மாசக் கடைசியில் கண்விழித்துக் கூட்டுகிற பாடு ஒழிந்தது. ஆனால் அன்றைய துண்டு அன்றே ஏறாவிட்டால் அந்தக் கம்பியூட்டராலும் ஒன்றும் செய்ய முடியாது. அதை என் கண்ணால் பார்த்தவன் நான். அதனால்தான் எந்தச் செயலி நல்லது என்று நீ கேட்கும்போதெல்லாம், நீ எப்போது பதிகிறாய், எப்போது திரும்பப் பார்க்கிறாய் என்று நான் கேட்கிறேன்.

உன் வேலைகள் இப்போது எங்கெங்கே கிடக்கின்றன என்று நினைத்துப் பார். மேடம் சொன்னது வட்ஸ்அப்பில். விரிவுரையாளர் சொன்னது மின்னஞ்சலில். பரீட்சைக் கட்டணம் கட்டும் திகதி ஏதோ ஒரு ஸ்கிரீன்ஷொட்டில். போடிங் அன்ரிக்குக் கொடுக்க வேண்டிய கரண்ட் காசு மனதில். இவற்றை ஒரே இடத்துக்குக் கொண்டுவா, மகள்.

திகதி உள்ளது எதுவானாலும் கூகுள் கலண்டருக்குப் போகட்டும். ஒப்படைக்கு ஒரு வாரம் முந்தி ஒரு நினைவூட்டல், இரண்டு நாள் முந்தி இன்னொன்று என்று ஒரே நிகழ்வுக்கு இரண்டு மூன்று வைக்கலாம். கடைசித் திகதியை மட்டும் போட்டால் போதாது. அதைச் செய்கிற நேரத்தையும் போடு: செவ்வாய் இரவு 8 முதல் 9.30 வரை ஒப்படை, வியாழனும் அப்படியே. நேரம் ஒதுக்காத வேலை கடைசி இரவில்தான் நடக்கும், நீ அனுபவித்துவிட்டாய். அந்தக் கலண்டரில் இலங்கை விடுமுறை நாட்களையும் சேர்த்துக்கொள்ளலாம். பௌர்ணமிப் போயாவும் தைப்பொங்கலும் தீபாவளியும் தானாக வந்து நிற்கும், லீவு கேட்பதற்கும் வசதி.

திகதி இல்லாதவற்றுக்குக் கூகுள் டாஸ்க்ஸ் போதும். பிறகு அதில் ஒன்றுக்குத் திகதி போட்டாலும் அது கலண்டரிலேயே தெரிவதால் இரண்டு இடத்தில் தேட வேண்டியதில்லை. எழுதும்போது "வாட்" என்று ஒற்றைச் சொல்லில் எழுதாதே. மூன்று நாள் கழித்து அதைப் பார்த்தால் என்ன செய்வதென்று உனக்கே விளங்காது. "மார்ச் மாத வாட் வரிக் கணக்கை மேடத்துக்கு மெயில் பண்ண வேண்டும்" என்று எழுது. பஸ்ஸில் நின்றுகொண்டு தட்ட முடியாவிட்டால் விசைப்பலகையில் உள்ள மைக்கை அழுத்தித் தமிழிலேயே சொல், அது எழுதிக்கொள்ளும். எழுத்துப் பிழை இருந்தால் இருக்கட்டும்.

எழுதி வைத்தால் மனம் ஏன் லேசாகிறது என்பதற்கு ஆராய்ச்சியும் இருக்கிறது. ப்ளூமா ஸைகார்னிக் என்ற உளவியலாளர், முடித்த வேலையை விடப் பாதியில் விட்ட வேலைதான் மனதில் அதிகம் நிற்கிறது என்று 1927இல் எழுதினார். இரவு படுத்த பிறகும் உன்னை அரிப்பது அதுதான். 2011இல் மஸிகாம்போ, பாமைஸ்டர் என்ற இருவர் செய்த சோதனைகளில் இன்னொன்று தெரிந்தது. வேலையை முடித்திருக்கவேகூட வேண்டாம், எப்போது எங்கே எப்படிச் செய்வேன் என்று தெளிவாகத் திட்டமிட்டாலே அந்த அரிப்பு அடங்கிவிடுகிறதாம். நீ சரியாகத் தூங்குவதில்லை என்று அம்மா கவலைப்படுகிறாள். இரவு சாப்பிட்டுத் தட்டைக் கழுவியதும், மறுநாளுக்கான மூன்று வேலைகளை மட்டும் எழுதிவிட்டுப் படுத்துப் பார்.

மூன்று என்றால் மூன்று. பதினைந்து எழுதினால் பன்னிரண்டு மிஞ்சும், அதைப் பார்த்தே மனம் விட்டுப்போகும்.

இதையெல்லாம் விட நான் பெரிதாக நினைப்பது ஞாயிற்றுக்கிழமை அரைமணி நேரத்தைத்தான். கொழுந்து ரவுண்டு பற்றி லயத்தில் வளர்ந்த உனக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஏழு நாளில் அதே மலைக்குத் திரும்பி வர வேண்டும். ஏப்ரல், மே மாதங்களில் கொழுந்து கொட்டும்போது நாலு நாள் தள்ளிப்போட்டால் இலை முத்திப்போகும், ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், அதை வைத்து நல்ல தேயிலை எடுக்க முடியாது. உன் பட்டியலும் அப்படித்தான், ரவுண்டு தவறினால் முத்திப்போகும். ஞாயிறு பின்னேரம் போன வாரக் கலண்டரைத் திறந்து என்ன விட்டுப்போனது என்று பார். வரும் இரண்டு வாரத்தையும் பார். வட்ஸ்அப்பில் நட்சத்திரம் போட்டு வைத்தவை, எடுத்த ஸ்கிரீன்ஷொட்டுகள் எல்லாவற்றையும் பட்டியலுக்கு மாற்றிவிட்டு அழித்துவிடு. ஒரு வேலை மூன்று வாரமாகத் தொடாமலே கிடந்தால் ஒரு முடிவெடு: செய்கிற நாளைக் குறி, இல்லையென்றால் கேட்டவரிடம் முடியாது என்று மரியாதையாகச் சொல். நம்முடைய பிள்ளைகள் முடியாது என்று சொல்லப் பழகவில்லை. கொழும்பில் வேலை செய்கிறவளுக்கு அது கட்டாயம் வேண்டும்.

நோஷன் செயலியில் நீ கலர் கலராகச் செய்து காட்டிய பக்கங்கள் அழகாகத்தான் இருந்தன. ஆனால் பிறகு ட்ரெலோவுக்கு மாறினாய், அதற்குப் பிறகு வேறொன்று. பாடக் குறிப்புகளுக்கு நோஷனையே வைத்துக்கொள், நல்ல கருவி. மற்றபடி பரீட்சை முடியும்வரை புதிதாக எதையும் இறக்காதே. புதுச் செயலியை அடுக்கி ஒழுங்குபடுத்தும்போது வேலை செய்கிற மாதிரியே இருக்கும், ஆனால் அந்த இரண்டு மணி நேரத்தில் ஒப்படையில் ஒரு வரிகூட நகராது.

அடுத்தது போன். ஆபீஸ் குழுவைத் தவிர எல்லா வட்ஸ்அப் குழுக்களையும் மியூட் பண்ணு. எட்டு மணி நேரம், ஒரு வாரம், எப்போதும் என்று மூன்று வழி இருக்கிறது; "எப்போதும்" என்பதைப் போடு. நம் குடும்பக் குழு, பழைய மாணவர் குழு, கோயில் திருவிழாக் குழு எல்லாம் இதில் அடக்கம். நீ மியூட் பண்ணியது மற்றவர்களுக்குத் தெரியாது, அத்தை கோபிக்கமாட்டா. படிக்கும் நேரத்தில் "தொந்தரவு செய்யாதே" என்பதைப் போட்டுவிடு. அம்மாவுக்கு ஏதும் என்றால் என்ன செய்வது என்று நீ பயப்படுவாய் என்று தெரியும். எங்கள் இரண்டு நம்பரையும் நட்சத்திரமிட்டு, நட்சத்திரமிட்டவர்களின் அழைப்புக்கு அனுமதி கொடு. உன்னுடைய அன்ட்ரொய்ட் போனில் இன்னொரு வசதியும் உண்டு. 15 நிமிடத்துக்குள் ஒரே ஆள் இரண்டாம் முறை எடுத்தால் மணி அடிக்கும்படி வைக்கலாம். அவசரம் என்றால் இரண்டு தரம் எடுக்கச் சொல்லி அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

படிப்புக்கு, பிரான்செஸ்கோ சிரிலோ என்ற இத்தாலிக்காரர் 1980களின் கடைசியில் மாணவராக இருந்தபோது கண்டுபிடித்த முறை உனக்குத் தெரிந்ததுதான்: தக்காளி வடிவ சமையலறைக் கடிகாரத்தில் 25 நிமிடம் வைத்துப் படிப்பது, பிறகு 5 நிமிட ஓய்வு. களைத்து வந்த இரவில் தொடங்குவதற்கு அது நல்லது. ஆனால் ஐந்தொகைக் கணக்கு ஒன்று பாதியில் நிற்கும்போது மணி அடித்தால் எழும்பாதே. கணக்குப் பாடத்துக்கு 50 நிமிடம் வை, 25 போதாது.

ஒரு கொப்பியும் பேனாவும் பையில் இருக்கட்டும். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம் வரை கரண்ட் இல்லாமல் இருந்ததே, அப்போது சார்ஜ் இல்லாத போன் யாருக்கும் உதவவில்லை. கம்பியூட்டரில் ஃபைல்களுக்குப் பெயரிடும்போது வருடம், மாதம், நாள் என்ற வரிசையில் திகதி போடு, தானாக ஒழுங்காக நிற்கும்.

இரண்டு நாள் செய்து மூன்றாம் நாள் விட்டுப்போனால் மனம் தளராதே. லண்டனில் பிலிப்பா லாலியும் மற்றவர்களும் 2010இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பழக்கம் தானாக வருவதற்குச் சராசரியாக 66 நாள் பிடித்தது. ஆளுக்கு ஆள் 18 முதல் 254 வரை என்று பெரிய வித்தியாசம். இடையில் ஒரு நாள் தவறியது பழக்கத்தைக் கெடுக்கவில்லை. ஆகவே அடுத்த ஞாயிற்றுக்கே எல்லாம் சரியாகிவிட வேண்டும் என்று உன்னை நீயே வதைக்காதே.

வருகிற போயாவுக்கு வரும்போது லேப்டொப்பையும் கொண்டுவா. பஸ் மலை ஏறத் தொடங்கினால் சிக்னல் போய்ப் போய் வரும், படிக்க வேண்டியதை கூகுள் டிரைவில் முன்கூட்டியே ஆஃப்லைனில் வைத்துக்கொள். அம்மாவின் கிளினிக் திகதிகள் இன்னும் அட்டையில் மட்டும்தான் இருக்கின்றன. அவற்றை ஒரு தனிக் கலண்டரில் போட்டு, உனக்கும் எனக்கும் தம்பிக்கும் தெரியும்படி பகிர வேண்டும். அடுத்த தரம் இரத்தம் எடுக்க வெறும் வயிற்றோடு போக வேண்டுமாம், அதையும் அந்தக் குறிப்பிலேயே எழுதிவிடுவோம்.

அன்புடன்,
அப்பா