தம்பிக்கு, திதிக்கு முன்பாக

தம்பிக்கு,

அப்பாவின் திதி முடிந்த மறுநாளும் நீங்கள் இங்கேயே தங்கப்போவதாகவும், அன்று மாலை, போன முறை செய்த அந்த ஸ்டேக்கைத் திரும்பவும் செய்து தர முடியுமா என்றும் உன் மனைவி கேட்டிருந்தாள். செய்து தருகிறேன். இந்த ஒரு வார்த்தையைச் சொல்ல எனக்கு இவ்வளவு காலம் ஏன் ஆனது என்பது உனக்குத் தெரியும்.

என்ன இறைச்சி என்பதை மட்டும் இங்கே எழுதப்போவதில்லை. நம் உறவினர்கள் இதைப் படிப்பார்கள், கோவில் நிர்வாகத்தில் இருப்பவர்களும் படிப்பார்கள். நீ நெடுஞ்சாலையில் ஏறிக் கோலாலம்பூருக்குப் போய்விடுவாய். சுங்கை சிப்புட்டில் மறுநாள் காலை அவர்கள் முகத்தில் விழிக்க வேண்டியவள் நான். ஐஸ் பெட்டியில் நீ கொண்டுவந்தது ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது என்பதோடும், அம்மாவின் அடுப்படிக்குள் அது நுழையவில்லை, ரம்புத்தான் மரத்தடியில் கரியடுப்பு மூட்டித்தான் சமைத்தோம் என்பதோடும் நிறுத்திக்கொள்கிறேன்.

போன முறை எனக்கு முதலில் எரிச்சலைத் தந்தது, கற்கால மனிதர் உண்டதையே உண்ணச் சொல்லும் உன் பேலியோ உணவுமுறையின் பட்டியல்தான். கிச்சாப் கூடாது, அது சோயாவும் கோதுமையும் சேர்ந்து புளித்தது. சாஸ் எதுவும் கூடாது, அவற்றில் சீனியும் மாவும் இருக்கின்றன. இறைச்சி ஊறவைக்க நான் அலமாரியில் வைத்திருந்த போத்தல்களையெல்லாம் ஓரமாகத் தள்ளிவிட்டு, இப்போது ஊறவை அக்கா என்றாய். கிச்சாப்புக்குப் பதிலாக உன் மனைவி கொடுத்த, தென்னம்பாளைச் சாற்றைப் புளிக்கவைத்து எடுத்த அந்தக் கறுப்புச் சாற்றின் விலையை நான் இன்றுவரை அம்மாவிடம் சொல்லவில்லை.

ஆனாலும் சமையல் நன்றாகவே வந்தது, அதை யாரும் மறுக்க முடியாது. செராய் என்கிற எலுமிச்சைப்புல் தண்டின் வெள்ளைப் பகுதி, இஞ்சி, பூண்டு, சரவாக் கருமிளகு எல்லாவற்றையும் அம்மியில் வைத்து அரைத்து, தேங்காய் எண்ணெயும் கொஞ்சம் எலுமிச்சைச் சாறும் விட்டுக் கலந்தேன். உப்பை மட்டும் முதல் நாள் இரவே தடவியிருந்தேன். மசாலாவும் புளிப்பும் சில மில்லிமீட்டருக்கு மேல் உள்ளே இறங்குவதில்லை, நேரம் கொடுத்தால் ஆழமாகப் போவது உப்புதான். அன்னாசிச் சாற்றையும் இரவே ஊற்றச் சொன்னாய். நான் மறுத்ததை அடம் என்றாய். அன்னாசியில் இருக்கும் நொதி ஓர் இரவு முழுக்க வேலை செய்தால் இறைச்சியின் மேற்பகுதி கூழாகிவிடும் என்பது ஆட்டுக்கறியில் பப்பாளிக்காய் போட்டுப் பழகிய எந்த வீட்டிலும் தெரிந்த விஷயம். அம்மா பப்பாளிக்காயைத் துருவிக் கொஞ்சமாக, சமைப்பதற்குச் சற்று முன்னால்தான் சேர்ப்பார், நானும் அன்னாசிச் சாற்றை அப்படித்தான் சேர்த்தேன். நெருப்பில் வைக்குமுன் மசாலாவை வழித்தெடுத்து, ஈரத்தைத் தாளால் ஒற்றினேன். ஈரம் இருந்தால் ஆவியில் அவியுமே தவிர மேலே சிவந்து முறுகாது. நீ வெப்பமானியைக் குத்திப் பார்த்து 57 டிகிரி போதும் என்றாய். அமெரிக்க வேளாண்மைத் துறை முழுத் துண்டுக்குச் சொல்வது 63 டிகிரியும், இறக்கியபின் 3 நிமிடம் பொறுத்திருப்பதும் என்று நான் சொன்னேன். கடைசியில் பிள்ளைகளுக்கு 63, உனக்கு 57 என்று முடிந்தது.

அம்மா பின்வாசல் படியில் தட்டோடு உட்கார்ந்திருந்தார். நான் நாருக்குக் குறுக்கே வெட்டியபோது பலகையில் வடிந்த சிவப்பைப் பார்த்து அவர் முகத்தைத் திருப்பிக்கொள்ள, அது இரத்தம் இல்லை பாட்டி, மயோகுளோபின் என்கிற புரதம் தண்ணீரோடு கலந்து வருகிறது என்று உன் மகன் பக்கத்தில் குந்தி விளக்கினான். எவ்வளவு பொறுமை அந்தப் பிள்ளைக்கு! சின்ன வயதில் உனக்கும் அது இருந்தது. அம்மாவும் "அப்படியா ஐயா" என்று ஆவலோடு கேட்டுக்கொண்டிருந்தார். அவர் தட்டில் சோறும் முருங்கைக்கீரையும் நெத்திலிச் சம்பாலும் இருந்தன. உன் மகள் அந்தத் தட்டை நோக்கிக் கையை நீட்டினாள். நீ அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாய்: "தொடாதே, தாத்தாவைக் கொன்றதே இந்தச் சோறுதான்."

அம்மா சாப்பிடுவதை நிறுத்தவில்லை. பிசைந்துகொண்டே, "அந்தச் சோற்றைப் போட்டவள் நான்தானே, ஐயா" என்றார். உன்னிடம் சொல்லவில்லை, உன் மகனிடம் சொன்னார்.

அதற்குப் பிறகு நான் பேசியதை இங்கே எழுத முடியாது. பிள்ளைகள் எதிரில் பேசியதற்கும், உன் மனைவி சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழுந்துபோனதற்கும் என்னை மன்னித்துக்கொள். ஆனால் பேசாமல் இருந்திருக்க வேண்டும் என்று மட்டும் என்னால் எழுத முடியவில்லை. எழுதிப் பார்த்து அழித்துவிட்டேன்.

அப்பா இருட்டோடு எழுந்து, ரப்பர் தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய், வெயில் ஏறுமுன் பால்மரம் சீவி முடித்து வந்தவர். தோட்டத்துக் கடையில் கணக்கெழுதி வாங்கிய அரிசி, பருப்பு, கருவாடு, சீனி போட்ட கோப்பி, இவற்றை விட்டால் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் வேறு என்ன இருந்தது? கறி தீபாவளிக்கு வந்தது. சோற்றுக்கும் சர்க்கரை நோய்க்கும் தொடர்பே இல்லை என்று நான் வாதாடவில்லை. 2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில் நம் நாட்டுப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது, இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடம்தான் அது மிக அதிகம். நானும் அரிசியைக் குறைத்துவிட்டேன். உன் மாத்திரையை மருத்துவர் பாதியாகக் குறைத்தார் என்று நீ சொன்ன அன்று சாமி அறையில் விளக்கேற்றி, அப்பாவின் படத்துக்கு முன்னால் உன் பெயரைச் சொல்லி வெகுநேரம் நின்றேன். நீ நன்றாக இருக்க வேண்டும், தம்பி. சர்க்கரை நோயால் அப்பாவின் காலை வெட்டி எடுத்தபோது மருத்துவமனை வராந்தாவில் நாம் இருந்த இருப்பு இன்னொரு முறை வேண்டாம்.

அதற்காக நீ கற்காலத்தைக் காட்டி எங்களை மிரட்டுவது எனக்குப் பிடிக்கவில்லை. அமெரிக்க ஆய்வாளர்களான ஈட்டனும் கானரும் கற்கால உணவைப் பற்றி 1985-இல் மருத்துவ இதழில் எழுதியதையும், கார்டெய்ன் 2002-இல் நூல் எழுதி அதைப் பரப்பியதையும் நீ அனுப்பித்தான் நான் படித்தேன். அந்தக் கணக்குப்படி பாலும் கூடாது, நெய்யும் கூடாது. நம் தமிழ்ப் பேலியோக்காரர்களோ நெய்யை ஊற்றுகிறார்கள், பன்னீரை வறுக்கிறார்கள், காலையில் 100 பாதாமைப் பசியாறுகிறார்கள். பழைய கற்காலத்தில் பசுவைக் கட்டிக் கறந்தது யார்? இத்தாலியில் கிடைத்த, ஏறத்தாழ 30,000 ஆண்டுப் பழமையான அரைக்கும் கல்லில் தாவர மாவுச்சத்து ஒட்டியிருந்ததை 2010-இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். ஆக, அப்போதும் யாரோ எதையோ இடித்து மாவாக்கியிருக்கிறார்கள். நெய்க்கு வழி விட்ட உன் விதி, பாட்டியின் தட்டிலிருந்த ஒரு கவளத்துக்கு வழி விட்டிருக்கலாம்.

இனி நான் முடிவு செய்தவை. ஈப்போவில் கனமான இரும்புச் சட்டி ஒன்று வாங்கியிருக்கிறேன். மழை வந்தால் கொட்டகையில் கேஸ் அடுப்பை வைத்து அதில் சமைப்பேன், அம்மாவின் தோசைக்கல்லை இதற்குத் தொடமாட்டேன். திதியன்று செய்ய வேண்டியவன் நீ, பிண்டம் பிடிப்பதும் சோற்றில்தான். அப்போது உன் பிள்ளைகளிடம் என்ன சொல்வாய் என்பதை வரும் வழியிலேயே யோசித்துக்கொள். மறுநாள் உங்கள் நால்வருக்கும் ஸ்டேக்கும், காங்கோங் கீரையும், பூசணியும் இருக்கும். அம்மாவுக்குச் சோறு வடிப்பேன். உன் மகள் கேட்டால் அம்மா ஓர் உருண்டை உருட்டிக் கொடுப்பார், அதற்கு உன் அனுமதியைக் கேட்கப்போவதில்லை.

ஐஸ் பெட்டியோடு முதல் நாளே வந்துவிடாதே. திதியன்று அது நம் வாசலுக்கு வரக் கூடாது. மறுநாள் காலை ஈப்போவுக்குப் போய் வாங்கி வா, துண்டு ஓர் அங்குலத்துக்குக் குறையாமல் இருக்கட்டும். பத்து மணிக்குள் கொண்டுவந்தால் உப்புத் தடவி வைக்கிறேன், மாலைக்குச் சரியாக இருக்கும்.

அக்கா