பாப்பாவுக்கு ஆபரேஷன் இல்லை: எல்லாருக்கும் நன்றி

ஆபரேஷன் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். பாப்பாவின் அடிநாக்கில் இருந்தது புற்றுக்கட்டி இல்லை, தைராய்டு! என்ன பாடு பட்டோம் என்பது உங்களுக்கே தெரியும், அதனால் நேராக நன்றிக்கு வருகிறேன்.

முதலில் அந்த ஸ்கேன் டாக்டரம்மாவுக்கு. கழுத்தில் நெறி கட்டியிருக்கிறதா என்று பார்க்கத்தான் சீட்டு. அதைப் பார்த்து முடித்தவர், தொண்டைக்குழிக்கு மேலே ஒரே இடத்தில் திரும்பத் திரும்பத் தேய்த்து, ஜெல்லைத் துடைத்துவிட்டு மறுபடி போட்டுப் பார்த்தார், எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. "இங்க தைராய்டே இல்லையேம்மா" என்றார். அங்கேயே சர்ஜனுக்குப் போன் போட்டு, கத்தி வைக்கும் முன் டெக்னீசியம் ஸ்கேன் (தைராய்டு உடம்பில் எங்கே இருக்கிறது என்று காட்டுமாம்) எடுத்துவிடச் சொன்னார். வெளியே அவ்வளவு கூட்டம், ஆனாலும் டோக்கன் சீட்டின் பின்பக்கம் ஒரு முகம் வரைந்து, நாக்கிலிருந்து கழுத்துக்கு ஒரு கோடு இழுத்தார். வயிற்றில் இருக்கும்போது தைராய்டு நாக்கின் அடியில்தான் உருவாகுமாம், 7-ஆவது வாரத்துக்குள் கழுத்துக்கு இறங்கிவிடுமாம், லட்சத்தில் ஒருவருக்கு இப்படி இறங்காமல் அங்கேயே நின்றுவிடுமாம். அப்படி நிற்கிறவர்களில் 10 பேரில் 7 பேருக்கு உடம்பில் வேறு தைராய்டே கிடையாது, வெட்டி எடுத்தால் அவ்வளவுதான். "உனக்குப் பயப்பட ஒண்ணும் இல்ல கண்ணு" என்று சொல்லி, பாப்பா கழுத்தில் இருந்த ஜெல்லை அவரே துடைத்துவிட்டார். அவர் பேர்கூடக் கேட்கத் தோன்றவில்லை எனக்கு.

அந்த ஸ்கேனிலும் அப்படியே வந்தது. கழுத்து காலி, அடிநாக்கில் மட்டும் பளிச்சென்று ஒரு புள்ளி. ரத்தத்தில் டி.எஸ்.ஹெச். (தைராய்டு சரியாகச் சுரக்காவிட்டால் ஏறுமாம்) ஏறிக் கிடந்ததாம், வகுப்பில் தூங்கித் தூங்கி விழுந்ததும் இதனால்தான் போல (டீச்சர், இனிமேல் திட்டாதீர்கள்). இப்போது தினமும் காலையில் வெறும் வயிற்றில் தைராக்சின் மாத்திரை, கட்டி மெதுவாகச் சுருங்கும் என்கிறார்கள்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் படுத்துக் கிடந்த என் தம்பி, ரத்தம் கொடுக்கத் தயாராக இருந்த அவர் ஆபீஸ் நண்பர்கள், என் வேலையையும் சேர்த்துப் பார்த்த தோழிகள், கேட்காமலே பணம் அனுப்பிய சித்தப்பா, வேண்டிக்கொண்ட அத்தனை பேருக்கும் நன்றி.

இனி யாராவது அடிநாக்கில் கட்டி என்று சொன்னால், "கழுத்துல தைராய்டு இருக்கான்னு பார்த்தாச்சா?" என்று நான் கேட்காமல் விடப்போவதில்லை. தொணதொணப்பு என்று நினைத்தாலும் சரி.

அப்புறம், எதிர்வீட்டு அக்கா, உங்கள் டிபன் கேரியர் இரண்டும் இங்கேதான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்து தருகிறேன்.