சரிவுக்கு வண்டி அனுப்பும் டிராக்டர் முதலாளிகளுக்கு

வணக்கம். நத்தம் பக்கம் கரட்டடியில் மாந்தோப்பு வைத்திருப்பவன் எழுதுகிறேன். சுழலும் கத்தியால் புல் வெட்டும் ஸ்லாஷர் மாட்டிய டிராக்டரை மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் உங்கள் எல்லோருக்கும் சேர்த்துத்தான் இந்த மடல்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் தோப்பில் புல் இடுப்பளவு ஏறிவிடும். தை பிறந்ததும் வெட்டாவிட்டால் மாசியில் காய்ந்து கிடக்கும். ஒரு பீடித் துண்டு போதும். அதனால் எங்கள் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வண்டி வேண்டும். உங்கள் ஓட்டுநர்களுக்குச் சோறு தின்ன நேரமிருக்காது.

போன தையில் என் தோப்புக்கு வந்த தம்பிக்கு இருபத்திரண்டு வயதிருக்கும். நன்றாக ஓட்டக்கூடியவர்தான். நேராக ஏறி இறங்கி வெட்டினால் நேரமாகிறதென்று சரிவுக்குக் குறுக்காக ஓட்டினார். அவசரப்படுத்தியது நான்தான், அதை மறைக்கப்போவதில்லை. புல்லுக்குள் ஒரு கரையான் புற்று இருந்திருக்கிறது. மேட்டுப் பக்கப் பின்சக்கரம் அதில் ஏறவும், பள்ளத்துப் பக்கச் சக்கரம் பட்டுப்போன மரத்தின் குழியில் இறங்கவும் சரியாக இருந்தது. மேல் சக்கரம் ஒரு சாண் அந்தரத்தில் நின்றது. தம்பி ஸ்டியரிங்கைப் பள்ளத்துப் பக்கம் ஒடித்தார். வண்டி மூக்கைக் கீழே திருப்பிக்கொண்டது, சக்கரம் தொப்பென்று விழுந்தது. பயத்தில் மேட்டுப் பக்கம் ஒடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று உங்களுக்கே தெரியும். ஐந்து நிமிடம் முன்புவரை மட்கார்டில் என் அண்ணன் மகன் உட்கார்ந்திருந்தான். தண்ணீர் எடுக்க இறங்கியதால் தப்பினான்.

அந்த வண்டியில் மேலே டாப் போட்டிருந்தது. வெயிலுக்கு ஆகும், கவிழ்ந்தால் அப்பளம்தான். இருக்கைக்குப் பின்னால் கனத்த இரும்பில் நிறுத்தும் பாதுகாப்பு வளைவு, ரோப்ஸ் என்பார்களே, அது வேறு. சுவீடனில் 1959 முதலே புது டிராக்டருக்கு அதைக் கட்டாயமாக்கிவிட்டார்கள். வளைவு நின்று, சீட் பெல்ட்டும் போட்டிருந்தால் வண்டி புரண்டாலும் ஆள் வளைவின் காவலுக்குள் இருப்பார். வளைவே இல்லாத வண்டியில் பெல்ட் கட்டினால் வண்டியோடு சேர்ந்து நசுங்க வேண்டியதுதான். மாங்கிளை இடிக்கிறதென்று சிலர் வளைவை மடக்கிவிடுகிறார்கள். சரிவில் மட்டும் அதைச் செய்யாதீர்கள். கிளையை நாங்கள் கவாத்து செய்துகொள்கிறோம்.

அப்புறம், வெட்டும் முறை. பின்னால் ஸ்லாஷர் தொங்கும் வண்டிக்கு ஏற்றத்தில் முன்பக்கம் லேசாகிவிடும். அதிலும் கிளட்சை வெடுக்கென்று விட்டால் முன்சக்கரம் தூக்கி, மல்லாக்கச் சாய ஒன்றரை நொடி போதும். அதனால் ஸ்லாஷரை நிறுத்தி, தரையை ஒட்டினாற்போல் தூக்கி, ரிவர்ஸில் ஏற வேண்டும்; கீழே வரும்போதுதான் வெட்ட வேண்டும். இறங்குமுன்பே லோ கியர் போட்டுவிட வேண்டும், பாதி வழியில் கியர் மாற்றவே கூடாது. டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுகிறவர்களை என்ன சொல்வது? உழும்போது திருப்ப வசதியாகப் பிரித்துவைத்த இரண்டு பிரேக் பெடலுக்கும் கொண்டி போட மறப்பதும் அப்படித்தான். ஒரு சக்கரம் மட்டும் பிடித்தால் வண்டி குறுக்கே திரும்பிவிடும். பனி ஈரம் காயும் முன் சரிவுப் பக்கம் போகவே வேண்டாம்.

கத்தி தெறிக்கவிடும் கல்லைப் பற்றி ஒரு வார்த்தை. நூறு மீட்டர் தள்ளி நிற்பவரையும் அது அடிக்கும். தடுப்புச் சங்கிலியைக் கழற்றிவிட்டு ஸ்லாஷரை அனுப்பாதீர்கள்.

இப்படி வெட்டினால் நேரம் கூடும்தான். மணி வாடகை என்றால் தோப்புக்காரன் கடிகாரத்தைப் பார்ப்பான், நீங்கள் அடுத்த தோப்புக்கு வரச்சொல்லிப் போன் அடிப்பீர்கள், நடுவில் அந்தத் தம்பி குறுக்காக ஓட்டுவார். எத்தனை பாதுகாப்பு சொல்லிக்கொடுத்தாலும் இந்தக் கணக்கு மாறாதவரை அவர் அப்படித்தான் ஓட்டுவார். ஆகவே சரிவுக்கு மட்டும் மணிக்கணக்கை விடுங்கள். இடத்தை முன்னாலேயே வந்து பார்த்து, மொத்தமாக ஒரு தொகை பேசுங்கள். சமநிலத்தைவிடக் கூடுதலாகவே கேளுங்கள்.

பார்க்க வரும்போது ஒரு மீட்டர் சட்டமும் கொத்தனாரிடம் இருக்கும் ரசமட்டமும் கொண்டுவாருங்கள். சட்டத்தின் ஒரு முனையை மேட்டில் ஊன்றி மட்டம் பிடித்தால், மறுமுனைக்கும் தரைக்கும் இடையே 27 சென்டிமீட்டர் இருந்தால் அது 15 டிகிரி. அதற்கு மேல் போனால் வண்டி வராது என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுங்கள். குழி, பாறை, ஈரம் இருந்தால் அதற்குக் கீழேயே நிறுத்திக்கொள்ளுங்கள். இடத்துக்கு வந்த பிறகு ஓட்டுநர் முடியாது என்றால், அன்றைய கூலியை அவருக்குப் பிடிக்காதீர்கள்.

என் தோப்பில் அளந்துவிட்டேன். மேலே இருக்கும் ஏழெட்டு வரிசை 15 டிகிரியைத் தாண்டுகிறது. அதன் அடியில் சுண்ணாம்புக் கோடு போட்டிருக்கிறேன். கோட்டுக்கு மேலே, கையில் பிடித்துப் புல் வெட்டும் பிரஷ் கட்டர் வைத்து ஆட்கள் வெட்டுவார்கள். கீழே உள்ள புற்றுகளுக்கும் குழிகளுக்கும் பக்கத்தில் சிவப்புத் துணி கட்டிய குச்சி நட்டிருக்கிறேன். வருகிற தையில் வண்டி வேண்டும். தொகையை நீங்களே வந்து பார்த்துச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
நத்தம் பக்கத்து மாந்தோப்புக்காரன்