லொறி உரிமையாளர் சங்க ஆண்டறிக்கை, ஹட்டன்

தலைவர் அவர்களே, உறுப்பினர்களே,

செயற்குழு ஆறு தடவை கூடியது. இரண்டு தடவை ஆள் போதாமல் பிளேன்டீ குடித்துவிட்டுக் கலைந்தோம். ஆயுத பூசை வழமைபோல நடந்தது.

இனி பெர்மிட் விசயம். வட்டவளைப் பக்கத் தோட்டத் தொழிற்சாலை ஒன்றுக்குக் கொழும்பிலிருந்து பொயிலர் கொண்டுவரும் வேலை கிடைத்தது. லோபெட்டில் (தாழ்ந்த தட்டுள்ள ட்ரெய்லரில்) ஏற்றினால் அகலமும் உயரமும் சட்டம் அனுமதிக்கும் அளவைத் தாண்டும்; அதற்குத்தான் பெர்மிட். "ஒரு கடிதம் போதுமே" என்று கூட்டத்தில் சொன்னவர்களுக்காக எழுதுகிறேன்: ஹட்டனுக்கு ஏறும் பெரிய வீதியான ஏ7, வீதி அபிவிருத்தி அதிகார சபையினுடையது. அதிலிருந்து பிரியும் சின்ன வீதி மாகாணத்தினுடையது. கடைசித் துண்டு தோட்டத்து றோட்டு, அதற்குத் தோட்ட மனேஜரான துரையின் கையெழுத்து. குறுக்கே போகும் கம்பிக்கு மின்சார சபை, வாகனங்களை நிறுத்திவிடப் பொலிஸ். ஒரு பொயிலருக்கு இத்தனை வாசல்!

விண்ணப்பம் இரண்டு தடவை திரும்பி வந்தது. முதல் தடவை பிழை நம்முடையது. மொத்த எடையை மட்டும் எழுதியிருந்தோம். பாலத்துக்கு ஒவ்வொரு எக்ஸலும் (சக்கர அச்சும்) எவ்வளவு அழுத்தும் என்பதுதான் கணக்கு. இரண்டாவது தடவை ஏன் திரும்பியது என்று இன்றுவரை விளங்கவில்லை. அந்த அலுவலகத்தின் பெயரை எழுதமாட்டேன்; நாளைக்கும் அங்கேதான் போகவேண்டும்.

அப்புறம் கினிகத்தேனையிலிருந்து மேலே வளைவு வளைவாக அளந்தோம். முன்பக்கம் திரும்பிவிடும், பின்சக்கரம் உள்பக்கமாக வெட்டிக் கானுக்குள் இறங்கும். அதற்குத்தான் அளவு. வருவதாகச் சொன்னவர்கள் 14 பேர். வந்தவர்கள் 3 பேர், அதில் ஒருவன் என் மகன். "செயலாளருக்கு வேறு வேலை இல்லை" என்ற அண்ணன், பிறகு டிரான்ஸ்ஃபோமர் லோட் கிடைத்ததும் இரவு பத்து மணிக்குக் கோல் எடுத்து இந்த அளவுகளை எழுதி வைத்த நீலக் கோப்பைக் கேட்டார். கொடுத்தேன். அவருடைய சந்தா இரண்டு வருட நிலுவை. பெயர் வேண்டாம், மூன்றாவது வரிசையில் இருக்கிறார்.

பொயிலர் நடுராத்திரி மழையில் ஏறி, விடியமுன் கீறலில்லாமல் போய்ச் சேர்ந்தது.

வரவு செலவுப் புத்தகம் பொருளாளரிடம் உள்ளது. கையிருப்பு உண்டு, பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. போட்டோக்கொப்பிக்கும் பஸ்ஸுக்கும்தான் கூடிய செலவு. பில் இல்லாததை நான் கேட்கவில்லை. மண்டபம் தந்த கோயில் பரிபாலன சபைக்கு நன்றி.

அடுத்த வருடம் வேறொருவர் செயலாளராக வந்தால் கோப்பைச் சந்தோசமாக ஒப்படைப்பேன். சிங்களத்தில் கடிதம் எழுதத் தெரிந்தவராக இருந்தால் நல்லது. ஹட்டனுக்கு மேலே தலவாக்கலைப் பக்கம் இன்னும் அளக்கவில்லை. டேப் என்னிடம் இருக்கிறது. மறுமுனையைப் பிடிக்கத்தான் ஆளில்லை.

செயலாளர்