தை முதல் நாளுக்கு முன்னால்

பாளையங்கோட்டை

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் சனிக்கிழமை கிடைத்தது. மகன் வீட்டுப் பால்காய்ச்சையும் முழங்கால் வலியையும் இரண்டு பக்கம் எழுதிவிட்டு, கடைசி வரியில் போகிற போக்கில், தை முதல் நாளிலிருந்து குடியை ஒரேயடியாக நிறுத்தப்போவதாகவும் வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை என்றும் எழுதியிருக்கிறாய். மற்றவற்றுக்கெல்லாம் ஆற அமரப் பதில் எழுதுகிறேன். அந்த வரிக்கு மட்டும் இப்போதே எழுதியாக வேண்டும். நிறுத்து. ஆனால் ஒரேயடியாகவும் யாருக்கும் தெரியாமலும் நிறுத்தாதே.

நான் விட்டு இந்தக் கார்த்திகையோடு மூன்று ஆண்டு நிறைந்தது. "டாக்டர் சொன்னார், விட்டுவிட்டேன்" என்று உன்னிடம் தொலைபேசியில் சொன்னது பாதி உண்மை. மீதிப் பாதி ஒரு வங்கியில் நடந்தது. மகளுக்குப் பணம் அனுப்புவதற்காக வைப்புத்தொகையை முடிக்கப் போயிருந்தேன். காலை பத்தரை மணி இருக்கும். மூன்று முறை கையெழுத்துப் போட்டேன்; மூன்றும் கோழி கிளறியதைப்போல் இருந்தன. "உட்கார்ந்து நிதானமாப் போடுங்க சார்" என்று அங்கிருந்த பெண் நாற்காலியைக் காட்டினாள். கண்ணாடியை மறந்துவிட்டேன் என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு வெளியே வந்து, 12 மணிக்குக் கடை திறக்கும்வரை எதிர்ச்சாரியில் வேப்பமரத்தடியில் நின்றேன். அரை மணி கழித்து, ஏலக்காயை மென்றுகொண்டே போய்ப் போட்ட கையெழுத்து முத்து முத்தாக விழுந்தது. "இப்ப சரியா இருக்கு சார்" என்று சொல்லிவிட்டு அவள் முகத்தைச் சற்றே பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். குடித்தால் தள்ளாடுகிறவர்களை நாம் எத்தனையோ பேரைப் பார்த்துச் சிரித்திருக்கிறோம்; குடித்தால்தான் நேராக நிற்க முடியும் என்ற இடத்துக்கு நான் வந்து சேர்ந்தது எந்த ஆண்டில் என்று எனக்கே தெரியவில்லை.

இதற்கு முன்பே எச்சரிக்கை வந்திருந்தது. 2020 மார்ச் 24ஆம் தேதி ஊரடங்குக்காகக் கடைகளை அடைத்தார்களே, அந்த மூன்றாம் நாள் இரவில் சுவரெல்லாம் எறும்பு ஊர்வதாகச் சொல்லி மனைவியை எழுப்பினேன். விளக்கைப் போட்டால் ஒன்றுமில்லை. காய்ச்சல் கண்டிருக்கும் என்று அவள் கஷாயம் வைத்துக் கொடுத்தாள். பிறகு மே 7ஆம் தேதி கடை திறந்தபோது, 50 வயதைக் கடந்தவர்களுக்குக் காலை பத்திலிருந்து ஒருமணிவரை என்று நேரம் ஒதுக்கினார்கள். மூத்த குடிமகன் என்ற தகுதிக்கு எனக்குக் கிடைத்த முதல் மரியாதை அதுதான். குடை பிடித்துக்கொண்டு வரிசையில் நின்று பெற்றுக்கொண்டேன்.

அந்த எறும்புகள் எங்கிருந்து வந்தன என்பதைப் பின்னாளில் மனநல மருத்துவர்தான் விளக்கினார். மது மூளையை அடக்கிக்கொண்டே இருப்பதால், மூளை அதற்கு ஈடுகொடுக்கத் தன்னை எப்போதும் முடுக்கி வைத்துக்கொள்கிறது. ஆண்டுக்கணக்காகப் பழகிய பிறகு மதுவைத் திடீரென்று எடுத்துவிட்டால், முடுக்கம் மட்டும் தனியே நின்று ஆட்டிவைக்கிறது. முதல் நாளிலேயே நடுக்கமும் வியர்வையும் தொடங்கும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். அதன்பின் ஓரிரு நாளில் நினைவு தடுமாறி, இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரிந்து, உயிருக்கே ஆபத்தாகவும் முடியலாம். எல்லாருக்கும் இப்படி ஆவதில்லை. ஆனால் பல ஆண்டுகள் நாள்தோறும் குடித்து, நம் வயதையும் எட்டியவனுக்கு அந்த வாய்ப்பு அதிகம். "மனவுறுதி இருந்தால் போதும்" என்று நாம் பேசியதெல்லாம் வலிப்புக்குத் தெரியாது.

என்னை ஒரு வாரம் மருத்துவமனையில் வைத்துக்கொண்டார்கள். நடுக்கத்தையும் வலிப்பையும் அடக்கும் குளோர்டயாசிபாக்சைடு மாத்திரையை முதலில் கூடுதலாகக் கொடுத்து நாளுக்கு நாள் குறைத்தார்கள். கூடவே தயமின் என்ற வைட்டமின் ஊசி. இந்த மாத்திரையை நீயாகக் கடையில் கேட்டு வாங்கிவிடாதே; அது மருத்துவர் பார்த்துப் பார்த்து அளக்க வேண்டியது, மதுவோடு சேர்ந்தால் மூச்சையே அமுக்கிவிடும். இன்னொன்று, சோர்வாக இருக்கிறதென்று தெருமுனைக்குப் போய் ஒரு குளுக்கோஸ் பாட்டில் ஏற்றிக்கொள்ளும் வழக்கம் உனக்கு உண்டு. தயமின் குறைந்த உடம்பில் வெறும் குளுக்கோஸ் ஏறினால் மூளைக்குக் கேடு என்பதால், நீ குடிக்கிறவன் என்பதை அங்கே முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

இதெல்லாம் ஒரு வாரக் கதை. மாலை ஆறு மணி இருக்கிறதே, அது இன்னும் முடிந்தபாடில்லை. தூக்கம் சீராக இரண்டு மாதம் ஆயிற்று. வாய் இனிப்புக்கு அலைந்து அல்வாவாகத் தின்றதில் சர்க்கரை ஏறி, அதற்கொரு மாத்திரை சேர்ந்தது. அவற்றைப் பொறுத்துக்கொள்ளலாம். ஆறு மணிக்கு என்ன செய்வது என்பதற்கு மாத்திரை இல்லை. நாற்பது ஆண்டு நட்பில் நாம் கையில் தம்ளர் இல்லாமல் அரை மணிக்கு மேல் பேசியது உண்டா என்று யோசித்துப் பார்த்தேன். உன் தந்தையார் காரியத்தன்று ஒருநாள்தான் நினைவுக்கு வந்தது. உன் மணிவிழாவுக்கு வராமல் இடுப்புப் பிடிப்பு என்று சொன்னேனே, எனக்கு இடுப்பில் ஒன்றும் இல்லை. உன்னைக் கண்டால் குடித்துவிடுவேனோ என்ற பயம் ஒரு பங்கு; குடிக்காவிட்டால் உன்னிடம் பேச எனக்கு ஒன்றுமே இருக்காதோ என்ற பயம் மூன்று பங்கு.

ஆகவே நீ நிறுத்துவதில் எனக்குச் சுயநலமும் இருக்கிறது. முதலில் உன் மனைவியிடம், என் தங்கச்சியிடம், சொல். பொங்கலுக்குக் காத்திராமல் இந்த வாரமே இருவருமாக மருத்துவரைப் போய்ப் பாருங்கள். அதுவரை நீயாகச் சட்டென்று நிறுத்த வேண்டாம். மருத்துவமனையில் சேர்க்க வேண்டும் என்று அவர் சொன்னால் எழுது, நான் வந்து கூட இருக்கிறேன்.

ஒரு நாளைக்கு எவ்வளவு என்று என்னைக் கேட்டபோது, "ஒரு குவார்ட்டர்" என்றேன். பின்னால் நின்ற மனைவி ஒன்றும் பேசாமல் டாக்டருக்கு இரண்டு விரலைக் காட்டினாளாம்; அவர் இரண்டு என்றுதான் எழுதிக்கொண்டார். உன்னையும் கேட்பார்கள். உன் மறுமொழியில் அந்த அளவையும், அன்றைய முதல் கிளாஸ் எத்தனை மணிக்கு என்பதையும் எனக்கு உள்ளபடி எழுது.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்